எண்ணெய் அல்லாத எண்ணெய்

மொழிபெயர்ப்பு மேசையில் சில ஆண்டுகள் உட்கார்ந்தவர்களுக்குச் சில வாக்கியங்கள் மனப்பாடமாகிவிடும். 'பிரேக் செயலிழந்ததால் கட்டுப்பாட்டை இழந்த வேன் பள்ளத்தில் கவிழ்ந்தது' என்பது அவற்றில் ஒன்று. செய்தி இமாசலப் பிரதேசத்திலிருந்து வரலாம், மகாராஷ்டிரத்தின் மலைப்பாதை ஒன்றிலிருந்து வரலாம். இந்தியில் 'பிரேக் ஃபேல் ஹோனே ஸே' என்று தொடங்கலாம். தமிழுக்கு வரும்போது இந்த வாக்கியமாகத்தான் வந்து இறங்கும். ஊர்ப் பெயரும் இறந்தவர்களின் எண்ணிக்கையும் மட்டும் மாறும்.

இலக்கணப்படி வாக்கியத்தில் குற்றமில்லை. ஆனால் எழுவாய்களைக் கவனியுங்கள். செயலிழந்தது பிரேக். கட்டுப்பாட்டை இழந்தது வேன். மனிதர் எவரும் எதையும் செய்யவில்லை. செய்யத் தவறவும் இல்லை. நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு மாரடைப்பு வந்துவிட்டது போன்ற தொனி. பிரேக் உண்மையில் அப்படித்தான் செயலிழக்கிறதா? அதைத் தெரிந்துகொள்ள, பெரும்பாலோர் ஒருமுறைகூடப் பார்த்திராத ஒரு சிறு உலோகக் குழாய்க்குள் எட்டிப் பார்க்க வேண்டும். மெக்கானிக்குகள் அதை 'மாஸ்டர் சிலிண்டர்' என்பார்கள். அவசரத்தில் வெறும் 'மாஸ்டர்'. கலைச்சொல் அகராதியைப் புரட்டினால் 'தலைமை உருளை' என்பது போல ஏதாவது கிடைக்கும். அந்தச் சொல்லோடு எந்தப் பட்டறைக்குப் போனாலும் வேலை நடக்காது. எனவே மாஸ்டர் சிலிண்டர் என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு வேறுபாடு. பெரிய பேருந்துகளும் லாரிகளும் அழுத்தப்பட்ட காற்றால் இயங்கும் ஏர் பிரேக்கை நம்பி ஓடுகின்றன. அது வேறு கதை. கார், ஜீப், வேன், சிறிய சரக்கு வண்டி, ஆட்டோரிக்‌ஷா, முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள மோட்டார் சைக்கிள் ஆகியவற்றை நிறுத்துவது திரவம். மோட்டார் சைக்கிளின் வலது கைப்பிடியருகே சிறு டப்பா ஒன்று இருக்கிறதே, அதன் அடியில் இருப்பதும் ஒரு மாஸ்டர் சிலிண்டர்தான். காரில் அதைக் காலால் அழுத்துகிறோம், பைக்கில் விரல்களால். வேலை ஒன்றே.

அந்த வேலைக்கு அடிப்படை, பள்ளிப் பாடப் புத்தகத்தில் நாம் படித்துக் கடந்துவிட்ட பாஸ்கல் விதி. மூடிய கலத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்பதை 17-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் வகுத்துச் சொன்னார். காற்றை அழுத்தினால் சுருங்கும். திரவம் ஏறக்குறைய சுருங்கவே சுருங்காது. ஆகவே குழாய் நிறையத் திரவம் இருந்தால், அது வளைந்து நெளிந்து போகக்கூடிய இரும்புத் தடி மாதிரி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓட்டுநர் 20 கிலோ எடைக்குச் சமமான விசையில் பெடலை மிதிக்கிறார் என்று கொள்வோம். பெடல் ஒரு நெம்புகோல். அது அந்த விசையை 5 மடங்காக்கி, 100 கிலோவாக மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனிடம் தருகிறது. சிலிண்டரின் விட்டம் 2 சென்டிமீட்டர் என்றால் அதன் பரப்பு 3.14 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 32 கிலோ அழுத்தம். இதே அழுத்தம் குழாய் வழியே சக்கரத்துக்குப் போய், அங்கே 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனைத் தள்ளும்போது விசை 600 கிலோவைத் தாண்டிவிடுகிறது. இன்றைய கார்களில் என்ஜினின் வெற்றிடத்தைக் கொண்டு மிதியை மேலும் பலமாக்கும் பூஸ்டர் வேறு இருக்கிறது. அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. விசை பெருகுகிற அளவுக்கு நகர்வு குறையும். பெடல் 5 சென்டிமீட்டர் இறங்கினால் சிலிண்டருக்குள் பிஸ்டன் நகர்வது 1 சென்டிமீட்டர். அது தள்ளிவிடும் திரவம் 3 கன சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. இதை எல்லாச் சக்கரங்களும் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு டன் எடையுள்ள காரும் அதனுள் இருக்கும் குடும்பமும் நின்றாக வேண்டிய இடத்தில் நிற்பது, ஒரு தேக்கரண்டியை நிரப்பாத திரவத்தின் நகர்வால். இந்த அளவை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

இனி சிலிண்டரின் உள்ளே. மேலே ஒரு டப்பா, அதில் திரவம். டப்பாவிலிருந்து சிலிண்டருக்குள் இறங்க இரண்டு துளைகள்: ஒன்று பெரியது, இன்னொன்று ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஊசித் துளை. சிலிண்டருக்குள் ஸ்பிரிங்கோடு ஒரு பிஸ்டன். அதன் முகப்பில் கிண்ணம் போன்ற ஒரு ரப்பர். பட்டறையில் 'கப்' என்பார்கள். காலை எடுத்திருக்கும்போது இந்தக் கப் ஊசித் துளைக்குச் சற்றே பின்னால் நிற்கும். துளை திறந்திருக்கும். குழாயில் உள்ள திரவமும் டப்பாவில் உள்ள திரவமும் அதன் வழியே பேசிக்கொண்டிருக்கும்.

பெடலை மிதித்ததும் நடக்கும் முதல் காரியம், கப் அந்த ஊசித் துளையைக் கடந்து அதை மூடுவதுதான். அந்தக் கணத்தில்தான் கலம் 'மூடிய கலம்' ஆகிறது. பாஸ்கல் விதி அமலுக்கு வருகிறது. அதற்கு மேல் மிதிக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் அழுத்தமாக மாறும். காலை எடுத்தால் ஸ்பிரிங் பிஸ்டனைப் பின்னால் தள்ளும். குழாயில் உள்ள திரவம் அதே வேகத்தில் திரும்பிவிடாது. கப்பின் முன்னால் ஒரு நொடி வெற்றிடம் உண்டாகப் பார்க்கும். காற்று உள்ளே புகாமலிருக்க, பெரிய துளை வழியாகப் பிஸ்டனுக்குப் பின்னால் வந்து காத்திருக்கும் திரவம், கப்பின் உதட்டை மடக்கிக்கொண்டு முன்னால் பாய்ந்து அந்த இடத்தை நிரப்பும். பிறகு சக்கரங்களிலிருந்து மெதுவாகத் திரும்பி வரும் திரவத்துக்கு இடம் போதாது. உபரி, மீண்டும் திறந்துவிட்ட ஊசித் துளை வழியாக டப்பாவுக்கு ஏறிப் போகும். நகரப் போக்குவரத்தில் நாளொன்றுக்கு ஆயிரம் முறை மிதித்தாலும் ஆயிரம் முறையும் இந்த வரவு செலவு பிசகாமல் நடக்க வேண்டும். சில புதிய கார்களில் ஊசித் துளைக்குப் பதிலாகப் பிஸ்டனுக்குள்ளேயே ஒரு வால்வு இருக்கும். உருவம் வேறு, கடமை அதுவே.

ஊசித் துளைக்கு இன்னொரு கடமையும் உண்டு. பிரேக் பிடிக்கப் பிடிக்கச் சூடேறும். சூடேறினால் திரவம் விரியும். விரிந்த திரவம் தப்பித்துப் போக அந்தத் துளையைத் தவிர வேறு வழி கிடையாது. துளை அடைபட்டால் விரியும் திரவம் சக்கரத்தின் பக்கம்தான் தள்ளும். யாரும் மிதிக்காமலேயே பிரேக் பிடிக்கத் தொடங்கும். பிடித்தால் சூடு, சூட்டால் விரிவு, விரிவால் இன்னும் இறுக்கம். 'பிரேக் ஜாம் ஆயிடுச்சு' என்று தெருவோரம் நிற்கும் வண்டிகளில் சிலவற்றின் கதை இதுதான்.

சக்கரங்கள் எல்லாவற்றையும் ஒரே பிஸ்டன் இயக்கினால், எங்காவது ஒரு குழாய் பொத்துக்கொண்டதும் மொத்தப் பிரேக்கும் போய்விடும். பழைய கார்கள் அப்படித்தான் இருந்தன. 1960-களில் ஒரே சிலிண்டருக்குள் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு பிஸ்டன்கள் வைக்கும் முறை பரவியது. 1968 முதல் அமெரிக்காவில் புதிய கார்களுக்கு இரட்டைச் சுற்று கட்டாயமானது. இன்று எங்கும் அதுவே வழக்கம். ஒவ்வொரு பிஸ்டனுக்கும் இரண்டு சக்கரங்கள். முன் சக்கரங்களை என்ஜின் சுழற்றும் சிறிய கார்களில் பெரும்பாலும் குறுக்குவாட்டில் பிரித்திருப்பார்கள்: இடது முன் சக்கரத்துக்கு வலது பின் சக்கரம் ஜோடி. ஒரு பக்கம் ஒழுகிப்போனாலும் அந்தப் பக்கத்துப் பிஸ்டன் ஓடி முட்டி நிற்கும். அதன் பிறகு மறு பக்கம் அழுத்தம் பெறும். பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும், வண்டி நிற்க அதிக தூரம் ஆகும், ஆனால் நிற்கும். அதாவது இன்றைய காரில் பிரேக் முழுவதும் ஒரே கணத்தில் போவதற்கு ஒரு குழாய் உடைந்தால் போதாது. இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பாதிக்கும் ஒன்று நடக்க வேண்டும்.

அப்படிப்பட்டது எது? இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது ஒன்றுதான். திரவம்.

இங்கேதான் நம் மொழிச் சிக்கல் தொடங்குகிறது. இந்தத் திரவத்தை நாம் 'பிரேக் ஆயில்' என்கிறோம். தமிழில் மட்டுமல்ல, இந்தி பேசும் பட்டறையிலும் அது 'பிரேக் ஆயில்'தான். பாட்டிலில் 'பிரேக் ஃபுளூயிட்' என்று அச்சிட்டிருந்தாலும் கடைக்காரர் 'ஆயிலா?' என்று கேட்டுத்தான் எடுத்துத் தருவார். 'பெடல் கொஞ்சம் கீழே போகுதுண்ணே' என்று ஓட்டுநர் சொன்னால், 'ஆயில் கம்மியா இருக்கும், ஊத்திக்கலாம்' என்று பதில் வரும்.

சொல்லுக்கு ஒரு வரலாற்று நியாயம் உண்டு. எள்ளின் நெய் 'எண்ணெய்' ஆயிற்று. பிறகு எள்ளை மறந்துவிட்டுத் தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் என்று வழவழப்பான எல்லாவற்றுக்கும் அந்தச் சொல் பரவியது. பிரேக் திரவமும் ஒரு காலத்தில் எண்ணெயாகவே இருந்தது. அமெரிக்காவில் மால்கம் லாக்ஹெட் உருவாக்கிய திரவ பிரேக், 1921-இல் டூசன்பர்க் காரிலும் 1924-இல் கிறைஸ்லர் காரிலும் நான்கு சக்கரங்களுக்கும் வந்தது. ஃபோர்டு நிறுவனம் 1939 மாடல் வரும்வரை கம்பியையும் தடியையும் விடவில்லை. அந்த ஆரம்ப காலத் திரவம் ஆமணக்கு எண்ணெயில் ஆல்கஹால் கலந்தது. அப்போது அதை எண்ணெய் என்றது பொய்யல்ல.

பொருள் மாறிவிட்டது. இன்று 'டாட் 3', 'டாட் 4' என்ற தர அடையாளங்களுடன் வரும் திரவம் கிளைக்கால் ஈதர் வகை. வழவழப்பு இருக்கும், எண்ணெய் அல்ல. தண்ணீரில் கரையும், பெயின்டை அரிக்கும். சென்னை பாடியில் 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா போன்ற நிறுவனங்கள் பிரேக் பாகங்களை இங்கேயே தயாரிக்க ஆரம்பித்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பொருள் உள்ளூர்ப் பொருளாகிவிட்டது. பெயர் மட்டும் ஆமணக்குக் காலத்திலேயே நிற்கிறது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இந்த இடத்தில் உயிர் இருக்கிறது. 'ஆயில்' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த ஒருவர், வழியில் டப்பா காலியாகிவிட்டது என்று கையிலிருக்கும் என்ஜின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ கொஞ்சம் ஊற்றினால் அவரை மூடர் என்று சொல்ல முடியாது. ஆயில் குறைந்தால் ஆயில் ஊற்ற வேண்டும் என்பது தர்க்கம். ஆனால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் கிளைக்காலுக்கு என்று செய்யப்பட்டது. கனிம எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் எண்ணெயைக் குடித்து ஊதும், இளகும். ஊதிய கப் பின்னால் முழுதாகத் திரும்பாது. அது போய் நிற்கும் இடம் அந்த ஊசித் துளையின் மேல். அப்புறம் நாம் பார்த்த சங்கிலி தொடங்கும்: துளை அடைப்பு, தானே பிடிக்கும் பிரேக், சூடு, மேலும் இறுக்கம். அல்லது இளகிய ரப்பர் அழுத்தத்தைத் தாங்காமல் விட்டுவிடும். ஊற்றிய அன்றே எதுவும் நடக்காது, அதுதான் ஆபத்து. வண்டி நன்றாகத்தான் ஓடும், சில நாட்களுக்கு. சிறிதளவு எண்ணெய் கலந்தால்கூடத் திரவத்தை வெளியேற்றிக் குழாய்களைச் சுத்தம் செய்வதோடு, மாஸ்டரில் தொடங்கிச் சக்கரங்கள் வரை ரப்பர் பாகங்கள் அத்தனையையும் மாற்ற வேண்டியிருக்கும். விலை கூடிய சைக்கிள்கள் சிலவற்றில் கனிம எண்ணெயால் இயங்கும் டிஸ்க் பிரேக் உண்டு. அவற்றின் ரப்பரே வேறு. அதற்குக் கார் திரவத்தை ஊற்றினால் அது கெடும்.

எண்ணெய் அல்ல என்பதன் இரண்டாவது விளைவு இன்னும் மௌனமானது. எண்ணெய் தண்ணீரை ஒதுக்கும். இந்தத் திரவம் தண்ணீரை அழைக்கும். உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் மழைக்காலத்தில் என்ன ஆகிறதோ அதுதான் இங்கும். டப்பாவின் மூடியிலுள்ள சிறு காற்று வழியிலும் ரப்பர் ஹோஸ்களின் சுவரிலும் காற்றின் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போகும். டாட் 3 திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. எடையில் சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 140 டிகிரி. டாட் 4-க்கு 230-ம் 155-ம். பாட்டிலில் அச்சிட்டிருக்கும் பெரிய எண், பாட்டிலைத் திறந்த அன்றைக்கு உரியது. நீங்கள் மூன்று மழைக்காலம் ஓட்டிய திரவத்துக்கு உரியது சிறிய எண்.

சமவெளியில் இந்த வேறுபாடு தெரியாது. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் 36 கொண்டை ஊசி வளைவுகளில் தெரியும்; சிம்லாவிலிருந்து இறங்கும்போது தெரியும். கியரில் இறங்காமல் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கும் வண்டியில், சக்கரத்தருகே உள்ள திரவம் கொதிக்கும் அளவுக்குச் சூடேறும். கொதித்தால் ஆவி. ஆவி காற்றைப் போலச் சுருங்கும். முன்னே சொன்ன தேக்கரண்டிக் கணக்கை இப்போது எடுங்கள். முழு மிதியில் நகரும் திரவம் மூன்று நான்கு கன சென்டிமீட்டர். தண்ணீர் ஆவியானால் சாதாரண அழுத்தத்தில் சுமார் 1,700 மடங்கு விரியும். ஒரு துளி போதும். ஓட்டுநர் மிதிக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஆவியைச் சுருக்குவதில் செலவாகிவிடும். சக்கரத்துக்கு எதுவும் போய்ச் சேராது. பெடல் சொத்தென்று தரையில் போய் இடிக்கும். இரட்டைச் சுற்றும் உதவாது, ஏனென்றால் இரண்டு பக்கமும் ஓடுவது அதே பழைய திரவம்.

இதில் கொடுமை என்னவென்றால், அரை மணி நேரத்தில் சூடு ஆறிவிடும், ஆவி மறுபடியும் திரவமாகிவிடும். மறுநாள் சோதித்துப் பார்த்தால் பெடல் உறுதியாக நிற்கக்கூடும். எங்கும் ஒழுகல் இருக்காது. ஓட்டுநர் பொய் சொல்கிறார் என்றுகூடத் தோன்றும். விபத்துக்குப் பிறகு வாகனத்தைப் பார்வையிடும் மோட்டார் வாகன ஆய்வாளர் பிரேக் இயங்குகிறதா என்று பார்த்துச் சான்றளிக்கிறார். அந்தத் திரவத்தின் ஈரப்பதத்தையும் ஒரு துளி எடுத்துச் சோதிப்பது வழக்கமானால் பல வழக்குகளுக்கு வெளிச்சம் கிடைக்கும். நீதிமன்றங்களின் நிலை நெடுங்காலமாகத் தெளிவாகவே இருக்கிறது. பிரேக் போய்விட்டது என்று சொன்னால் மட்டும் போதாது. உரிய கவனிப்பு இருந்தும் கண்டறிய முடியாத மறைந்த கோளாறு அது என்று வாகன உரிமையாளர்தான் நிரூபிக்க வேண்டும். சட்டத்தில் கவனிப்புக்கு ஓர் எழுவாய் இருக்கிறது. செய்தி வாக்கியத்தில்தான் இல்லை.

ஏனென்றால் மாஸ்டர் சிலிண்டர் பெரும்பாலும் முன்னறிவிப்புத் தராமல் கைவிடுவதில்லை. பெடல் பஞ்சு போல அமுங்குகிறதா? குழாயில் காற்று புகுந்திருக்கிறது. பட்டறையில் 'ஏர் எடுக்கணும்' என்பார்கள். சிக்னலில் பெடலை ஒரே சீராக அழுத்திக்கொண்டு நிற்கும்போது அது மெல்ல மெல்லத் தானே கீழே இறங்குகிறதா? டப்பாவில் அளவு குறையாமலும் தரையில் சொட்டாமலும் இது நடந்தால், தேய்ந்த கப்பைத் தாண்டித் திரவம் உள்ளுக்குள்ளேயே நழுவுகிறது என்று பொருள். 'மாஸ்டர் கிட்' மாற்றும் நேரம். வெளியே ஒழுகவில்லை என்பதால் பலரும் தள்ளிப்போடும் கோளாறு இது. இரண்டாவது மிதியில்தான் பிரேக் பிடிக்கிறது என்றால் அந்த வண்டியை மலைக்கு எடுத்துப்போகக் கூடாது.

டப்பாவில் அளவு குறைவதும் ஒரு சேதிதான். டிஸ்க் பிரேக்கின் பேட் தேயத் தேய, சக்கரத்துப் பிஸ்டன் முன்னேறும். அந்த இடத்தை நிரப்பத் திரவம் இறங்கும். ஆக, மெல்லக் குறைந்தால் பேட் தேய்கிறது. திடீரென்று குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. காரணம் பார்க்காமல் ஊற்றி நிரப்புவது, வந்த கடிதத்தைப் படிக்காமல் கிழித்துப்போடுவது மாதிரி.

சேதி கிடைத்தும் கேட்காதவர்களுக்கு மட்டுமல்ல, எல்லோருக்குமே பயன்படும் சில பழைய பாடங்கள் உண்டு. ஏறிய கியரிலேயே இறங்கு என்பது ஓட்டுநர்களின் முதுமொழி. என்ஜின் தாங்கிப் பிடிக்கும்போது பிரேக் சூடேறாது. பெட்ரோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் போட்டு என்ஜினை அணைத்துவிட்டு இறங்குபவர்கள் அந்தத் தாங்கலையும் இழக்கிறார்கள். ஓரிரு மிதிகளுக்குப் பிறகு பூஸ்டரின் உதவியையும் இழக்கிறார்கள். பெடல் தரைக்குப் போய்விட்டால் வேகமாக மீண்டும் மீண்டும் மிதித்தால் சில சமயம் அழுத்தம் கூடும். ஒவ்வொரு கியராகக் குறைக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கைப் படிப்படியாக இழுக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் அது தனிக் கம்பியில் இயங்குவதால் திரவம் கொதித்தாலும் வேலை செய்யும்.

இவையெல்லாம் கடைசி நிமிட வைத்தியம். அதற்கு வெகு முன்பே செய்ய வேண்டியது எளிது. சுமார் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, அல்லது வண்டிக் கையேடு சொல்லும் இடைவெளியில், பழைய திரவம் முழுவதையும் வெளியேற்றிப் புதியது ஊற்ற வேண்டும். சிறிய காருக்கு அரை லிட்டர் அளவு. திரவத்தின் விலை சில நூறு ரூபாய். டயரைத் தட்டிப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி மலைக்குப் புறப்படும் நாம் இந்த அரை லிட்டரைப் பத்தாண்டுகள் தொடாமல் ஓட்டுகிறோம். 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கும், 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய பைக்குகளுக்கும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். நல்ல சட்டம். ஆனால் அந்த மின்னணு மூளை கட்டளையிடுவதும் இதே திரவத்துக்குத்தான். கொதித்த திரவம் யார் கட்டளைக்கும் கீழ்ப்படியாது.

கவனிப்பில்லாமைக்கு முழுப் பழியையும் ஓட்டுநர் மீதோ தெருமுனை மெக்கானிக் மீதோ சுமத்துவதும் நியாயமில்லை. உங்கள் பைக்கின் கைப்பிடியருகே உள்ள டப்பாவின் மூடியையோ, காரின் பானெட்டைத் திறந்து பிரேக் டப்பாவின் மூடியையோ பாருங்கள். பெரும்பாலும் அதில் ஓர் எச்சரிக்கை பொறித்திருக்கும். சாரம் இதுதான்: திறக்கும் முன் மூடியைத் துடைக்கவும், சீல் பிரிக்காத பாட்டிலிலிருந்து, குறிப்பிட்ட டாட் தரத் திரவத்தை மட்டும் ஊற்றவும். இந்தக் கட்டுரையில் இவ்வளவு நேரம் பேசிய தூசி, ஈரம், தவறான எண்ணெய் மூன்றுமே அந்த இரண்டு வரிகளில் அடக்கம். அந்த வரிகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. நாடு முழுக்க அந்த மூடிகளைத் திறக்கும் கைகளில் எத்தனை பேருக்கு ஆங்கிலம் வாசிக்க வரும்?

சிகரெட் பெட்டி மீது இந்திய மொழிகளில் எச்சரிக்கை அச்சிட முடிகிற நாட்டில், பிரேக் திரவப் பாட்டில் மீது அந்தந்த மாநில மொழியில் மூன்றே சொற்களை அச்சிடுவது பெரிய காரியமில்லை: 'இது எண்ணெய் அல்ல.' பட்டறையில் 'ஆயில்' என்ற சொல்லை எந்த அகராதிக் குழுவாலும் ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் வேண்டாம். அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டே பாட்டிலை எடுப்பவரின் கண்ணில் இந்த மூன்று சொற்கள் பட்டால் போதும். மொழிபெயர்ப்பாளர்கள் காத்திருக்கும் காவியங்கள் பல உண்டு. அவற்றுக்கு முன்னால் அந்த மூடியிலுள்ள இரண்டு வரிகளை மொழிபெயர்த்துவிடலாம்.